48 மில்லிமீற்றர் நிழலில் பூமி, 9 மில்லிமீற்றர் மங்கலில் நிலா

ஏப்ரல் 7ஆம் திகதியளவில், மதியம் 12.12க்குக் கொழும்பில் நட்ட கம்புக்கு நிழல் இராது. அதே நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் கம்புக்கு 48 மி.மீ. நிழல். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்த பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸின் கணக்கு இங்கே அழகாகப் பொருந்துகிறது.

வெறும் கம்பு போதாது. சூரியன் அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் நுனி 9 மி.மீ. அளவுக்கு மங்கிக் கரைந்துவிடும். எது முடிவு என்று ஆளுக்கோர் இடத்தைக் காட்டுவார்கள். ஆகவே உச்சியில் கையகலக் காட்போட் மட்டையைக் கிடையாக ஒட்டி, நடுவில் 3 மி.மீ. துளையிட்டோம். கீழே வெள்ளைத் தாளில் 12 மி.மீ. வட்டமாகச் சூரியன் விழும். அதன் நடுவைக் குறிப்பது எளிது.

துளைக்கு நேர்கீழ்ப் புள்ளியைத் தூக்குக்குண்டு கட்டிக் காலையிலேயே குறித்துவிட வேண்டும். கடற்காற்று எழுந்தபின் நூல் நிற்காது. தாள் விரித்த பலகை சற்றுச் சரிந்தாலும் பெரிய பாதகமில்லை. இந்தப் புள்ளி 1 மி.மீ. விலகினாலோ, பூமியின் சுற்றளவு 800 கி.மீ. பிழைக்கும்.

12.00 முதல் 12.25 வரை இரண்டு நிமிடத்துக்கொரு புள்ளி. வட்டம் நிமிடத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் கிழக்கே ஓடும். புள்ளிகளை இணைத்த கோட்டுக்கும் குண்டுப் புள்ளிக்கும் உள்ள செங்குத்துத் தூரமே நமக்கு வேண்டிய அளவு. நடுவில் மேகம் மறைத்தாலும் கோடு கெடாது. ஒரு நாள் தவறினால் இரண்டு ஊரிலும் 6, 7 மி.மீ. மாறும், அப்போது இரண்டு கோணங்களின் வித்தியாசத்தை எடுக்கலாம்.

ஒரு மீற்றருக்கு 48 மி.மீ. என்றால் 2.75 பாகை; பூமியின் 360 பாகைச் சுற்றில் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட பங்கு இதுவே. நேர்கோட்டுத் தூரம் 302 கி.மீ. (வீதித் தூரத்தைப் போட்டால் பூமி ஊதிவிடும்). 302 × 360 ÷ 2.75 = 39,500 கி.மீ.; உண்மை அளவு 40,008. விட்டம் 12,600 என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நிலா. 2025 செப்டம்பர் 7 கிரகணப் படத்தில் பூமி நிழலின் விளிம்பில் மூன்று புள்ளி வைத்து வட்டம் வரைந்தால், நிழல் சுமார் 2.7 நிலா அகலம். வெளிச்சம் கூடிய படத்தில் நிழல் சிறுத்துத் தெரியும், கவனம். நிலாவை எட்டுவதற்குள் நிழல் ஒரு நிலா அகலம் குறுகிவிடுவதால் பூமி 3.7 நிலா, அதாவது நிலாவின் விட்டம் 3,400 கி.மீ.

சூரியனும் நிலாவும் கண்ணுக்கு ஒரே அளவு. ஆகவே கம்பு நிழலில் தொல்லை தந்த அதே 9 மி.மீ. இங்கே கைகொடுக்கிறது: கம்பின் உயரம் 1000 மி.மீ. ÷ 9, ஏறத்தாழ 110. நிலாவின் தூரமும் அதன் விட்டத்தைப் போல் அத்தனை மடங்கு. 3,400 × 110 = 3,74,000 கி.மீ. சராசரித் தூரம் 3,84,400.

சூரியனின் தூரத்துக்கு இந்த வழி எட்டாது. அதற்கு அரை நிலா நாளில் நிலாவுக்கும் சூரியனுக்கும் இடைக்கோணத்தை அளக்க வேண்டும். அது 89.85 பாகை; அதை 90இலிருந்து பிரித்தறிய மட்டையும் நூலும் போதாது.