மூன்றாவது லைன்: திருப்பூர் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

நான் சூப்பர்வைசராக இருக்கிற மூன்றாவது தையல் லைனில் மணிக்கு 80 டி-ஷர்ட் வரணும், 55-ஐத் தாண்டவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "பொண்ணுங்களைக் கொஞ்சம் மோட்டிவேட் பண்ணுங்க" என்றார். கழுகு படமும் வெற்றி வாசகமும் போட்ட போஸ்டர் ஒன்று ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தைத்தால் ஊசி விரலில்தான் ஏறும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று முழுக்க லைனிலேயே நின்றேன். ஓவர்லாக் தையல் மெஷினில் தோள் சேர்க்கிற பெண் படபடவென்று தள்ளுகிறாள், அடுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டி, வைக்கிற இடத்தில் கட்டுக்கட்டாகக் குவிகிறது, அதற்கும் அடுத்து ஃபிளாட்லாக் மெஷினில் இருக்கிற அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன்க்கா சும்மா இருக்கீங்க என்று கேட்டால், "பீஸ் வந்தாத் தானுங்ணா தைக்கிறது?" என்கிறார். மேனேஜரின் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் இவர்தான் சோம்பேறி!

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ரிப்புக்கு மட்டும் ஒரு பீஸுக்கு 65 வினாடி. மணிக்கு 3600 வினாடிதானே, வகுத்தால் 55 தான் வரும். 80 வேண்டுமானால் எந்த வேலையும் 45 வினாடியைத் தாண்டக் கூடாது. இதில் நூல் அறுந்தால் மெக்கானிக்கைத் தேடி அந்தப் பெண்ணே எழுந்து போகணும், நாலு லைனுக்கும் அவர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மீட்டிங். முதலாளி மகன் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்திருக்கிறார், சிகாகோ பக்கத்து ஹாதார்ன் தொழிற்சாலை ஆராய்ச்சியைச் சொன்னார். 1924-இல் விளக்கு வெளிச்சத்தை மாற்றிப் பார்த்ததில் தொடங்கியது அது. தொழிலாளர்களைக் கவனித்தாலே போதும், உற்பத்தி ஏறும் என்பது அவர் கற்றுவந்த பாடம். சரிதான். ஆனால் 1927-இல் டெலிபோனுக்கான ரிலே பாகங்களைப் பூட்டுகிற பெண்களைத் தனி அறையில் வைத்தபோது கூலிக் கணக்கையும் பெரிய கூட்டத்திலிருந்து பிரித்து அந்தச் சின்னக் குழுவுக்கென்று தனியாகப் போட்டார்கள், நடுவே ஓய்வும் கொடுத்தார்கள். வகுப்பில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை போல.

ரிப்புக்கு இன்னொரு ஆள் போட, ஸ்டோரில் தூங்குகிற ஓவர்லாக் மெஷினைக் கேட்டேன். முனகிக்கொண்டே சரி என்றார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ரிப்புக்கு இப்போது இரண்டு பேர். 74 வந்தது, பீஸ் தேங்குகிற இடம் இப்போது கை மடிப்புக்கு நகர்ந்திருக்கிறது. மெஷின் நின்றால் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து எடுத்த சிவப்புத் துணியை மேலே தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன், மெக்கானிக் அதைப் பார்த்து ஓடி வருகிறார். இதற்கென்று விளக்கு எரிகிற போர்டு கேட்டிருந்தால் பட்ஜெட் என்று இழுத்திருப்பார்கள்.

பக்கத்து லைன் சூப்பர்வைசர் இன்னும் மைக்கில்தான் கத்துகிறார். அங்கே பீஸும் ஏறவில்லை, செக்கிங் டேபிளில் டேமேஜ் மட்டும் குவிகிறது.

ஆகஸ்ட் 17, சனி

சம்பள நாள். பழைய ஊக்கத்தொகை எஃபிஷியன்சி சதவீதத்தில் இருந்தது, அக்கவுண்ட்ஸ் தம்பிக்கே பாதிதான் புரியும். இனி 80-க்கு மேல் வருகிற ஒவ்வொரு நல்ல பீஸுக்கும் 2 ரூபாய், லைனுக்குப் பொது, ஹெல்பருக்கும் பங்கு உண்டு. சாயங்காலமே போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிவிடணும்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஃபிளாட்லாக் அக்கா மட்டும் கேட்டார்: "இதைக் குடுத்துப்போட்டு தீபாவளி போனஸ்ல கழிச்சுக்குவீங்களா?" மேனேஜர் வாயே திறக்கவில்லை. சட்டப்படி 8.33 சதவீதம் கொடுத்தே ஆகணும், அதற்கு மேல் தருவதில்தான் கை வைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். எழுதிக் கொடுங்கள் என்று நானும் சேர்ந்து கேட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கழிக்க மாட்டோம் என்று கையெழுத்தும் சீலும் போட்டு நோட்டீஸ் ஒட்டியாச்சு. டீ நேரத்தில் ஆளாளுக்குப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். மதியத்துக்கு மேல் 83 வந்தது.

அடுத்த வாரம் காலர் ஸ்டைல் வருகிறது. அதற்கு 80 எல்லாம் நடக்காது, டார்கெட்டை நேரம் பார்த்து புதிதாகப் போடணும், அதுவும் துணி கட்டிங்கிலிருந்து இறங்குவதற்கு முன்னால்.