ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி.க்கள்

சாலிஸ்பரிக்கு வருகிறவர்கள் 123 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட பேராலயத்தைப் பார்ப்பார்கள். மேக்னா கார்ட்டா சாசனத்தின் முன் சற்று நிற்பார்கள். பிறகு ஸ்டோன்ஹெஞ்சுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நான் தேடிப் போனது தாமஸ் பிட் என்ற வியாபாரியை. புனித ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்தவர். சென்னையில் வளர்ந்த எனக்கு அவர் பெயர் பழக்கமானதுதான். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும், அதற்கு முன்பும் அந்த மனிதர் என்னவாக இருந்தார் என்பதை இங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில். நகரத்தைத் தாண்டி ஏவன் ஆற்றை ஒட்டி வடக்கே நடந்தால் ஸ்ட்ராட்போர்டு சப் காசில் என்ற சிற்றூர் வருகிறது. புல்வெளி, வேலி, நாயுடன் நடக்கும் முதியவர்கள், அவ்வளவுதான் ஊர். அங்குள்ள புனித லாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். பிட்டின் பெயரும் 1711 என்ற ஆண்டும் கல்லில் இருக்கின்றன. உபயதாரர் பெயரை எல்லோர் கண்ணிலும் படும்படி பொறிப்பது நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டோடு தொடங்கிய வழக்கம் அல்ல என்று அப்போது தெரிந்தது. அருகிலேயே மவார்டன் கோர்ட், அவர் வாழ்ந்த வீடு. இப்போது அது தனியார் வீடு என்பதால் மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

அங்கிருந்து மேலே ஏறினால் ஓல்டு சாரம். இரும்புக் காலத்து மண்கோட்டை, அதற்குள் நார்மன்கள் கட்டிய கோட்டை. வெளிவட்டத்தில் பழைய பேராலயத்தின் அடித்தளம் மட்டும் புல்லுக்குள் சிலுவை வடிவில் தெரிகிறது. 1092-இல் அந்தப் பேராலயத்தை நேர்ந்தளித்த ஐந்தாவது நாளே புயல் அதைச் சேதப்படுத்தியதாம். 1220-இல் கீழே சமவெளியில் புதிய பேராலயம் எழத் தொடங்கியது. ஊரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிட்டது. மேட்டில் காற்று மட்டும் தங்கிவிட்டது. நான் போன அன்று அது தொப்பியைப் பறிக்கும் வேகத்தில் அடித்தது.

ஊர் போனாலும் தொகுதி போகவில்லை. ஓல்டு சாரத்துக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள். மான்செஸ்டர் பெருநகரமாக வளர்ந்தும் 1832 வரை சொந்த உறுப்பினர் இல்லாமல் கிடந்தது. இந்த வெற்று மேட்டுக்கோ இருவர்! வாக்குரிமை மனிதர்களோடு அல்ல, குறிப்பிட்ட சில மனைகளோடு ஒட்டியிருந்தது. மனைக்காரர் அங்கே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ஆக, நிலத்தை வாங்கியவர் வாக்குகளையும் வாங்கியவர். கோட்டைக்குக் கீழே ஒரு வயலில் எல்ம் மரத்தடியில் தேர்தல் நடக்கும். அந்த மரத்துக்கு நாடாளுமன்ற மரம் என்றே பெயர். இப்போது மரம் இல்லை. 1690-களின் தொடக்கத்தில் இந்த நிலத்தை வாங்கியவர் தாமஸ் பிட்.

அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சுவை. டார்செட் மாவட்டத்தில் ஒரு கிராமப் பாதிரியாரின் மகனாக 1653-இல் பிறந்தவர் பிட். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் கம்பெனிக் கப்பலில் வங்காளக் கரைக்கு வந்தார். பாலாசோரில் கப்பலை விட்டு நழுவிச் சொந்தமாக வியாபாரம் தொடங்கினார். பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே சர்க்கரை, குதிரை என்று கை வைக்காத சரக்கு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது பொறுக்குமா? இந்திய வாணிபம் முழுவதும் தனக்கே என்று அரச சாசனம் வைத்திருந்த நிறுவனம் அது. வழக்குப் போட்டு 1,000 பவுண்டு அபராதம் வாங்கிக் கொடுத்தார்கள்; பிறகு அது 400 பவுண்டாகக் குறைந்தது. அவர் கட்டிவிட்டு மறுபடியும் கப்பல் அனுப்பினார். 1689-இல் சாலிஸ்பரி உறுப்பினராகவும் ஆகிவிட்டார். கடைசியில் கம்பெனிக்கே அலுத்துவிட்டது. துரத்திப் பிடிக்க முடியாதவனை வேலைக்கு வைத்துக்கொள்வது மலிவு என்று முடிவு செய்து, 1697-இல் சென்னைக் கவர்னர் பதவியைக் கொடுத்தார்கள்.

கம்பெனி போட்ட கணக்கு தப்பவில்லை. 1702-இல் முகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையைச் சூழ்ந்து மூன்று மாதம் போக்குவரத்தை அடைத்தபோது, பிட் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறுதியில் 25,000 ரூபாயில் பேரம் முடிந்தது. 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு என்ற ஐந்து ஊர்களைக் கம்பெனிக்கு வாங்கிச் சேர்த்தார். நுங்கம்பாக்கத்தில் ரயிலுக்காக நின்ற நாட்களில் இந்த ஓல்டு சாரம் மேட்டை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கிடையே மூண்ட சண்டையில் எந்தத் தெரு யாருக்கு என்று எல்லை பிரித்ததும் அவர் காலத்தில்தான்.

ஆனால் பிட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது வைரம். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த, பட்டை தீட்டாத 410 கேரட் கல். 1701 டிசம்பர் வாக்கில் ஜம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி, வெங்கட செட்டி என்ற இன்னொருவருடன் அதைக் கோட்டைக்குக் கொண்டுவந்தார். ஜம்சந்த் கேட்டது 2,00,000 வராகன் (அன்றைய தங்க நாணயம்). பிட் சொன்னது 30,000. இவர் எழுந்து போவார், அவர் எடுத்துக்கொண்டு கிளம்புவார், மறுபடி வருவார்கள். விலை லட்சத்துக்கு இறங்கி, ஐம்பத்தைந்தாயிரத்துக்கு வந்து, 48,000 வராகனில் நின்றது. ஏறக்குறைய 20,400 பவுண்டு. பாண்டி பஜாரில் புடவை எடுக்கும் எவருக்கும் இந்த நாடகத்தின் ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம்.

1702-இல் மகன் ராபர்ட் கல்லை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டனில் பட்டை தீட்ட இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மிஞ்சியது 140.64 கேரட். ஆனால் கல் கப்பலேறியதும் கதைகளும் கப்பலேறிவிட்டன. சுரங்கத்து அடிமை ஒருவன் தன் காலைக் கீறிப் புண்ணுக்குள் கல்லை ஒளித்துத் தப்பினான், ஒரு கப்பல் கேப்டன் அவனைக் கொன்று கல்லை விற்றான் என்பது அவற்றில் ஒன்று. கவர்னர் மிரட்டிப் பறித்தார் என்பது இன்னொன்று. வேலை பறிபோய் 1709-இல் புறப்பட்ட பிட், நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது 1710 ஜூலையில் ஒரு வாக்குமூலம் எழுதினார். கடவுள் சாட்சியாக, நியாயமான விலைக்கு வாங்கினேன் என்கிறார். நான் மேலே சொன்ன பேரம் முழுவதும் அதிலிருந்து நமக்குக் கிடைப்பதுதான். அதாவது வாங்கியவர் வாயால் கேட்கிறோம். ஜம்சந்த் எதுவும் எழுதி வைக்கவில்லை. அந்த வாக்குமூலத்தை நான் ஓரளவு நம்புகிறேன். பொய் சொல்கிறவர் எதிராளியின் விலையை இவ்வளவு படிப்படியாக ஞாபகம் வைத்திருக்க மாட்டார். ஆனாலும் கோட்டைக்குள் பீரங்கிகளோடு உட்கார்ந்திருப்பவரிடம் பேரம் பேசுவது எப்படிப்பட்ட பேரம் என்பது வேறு கேள்வி. கொல்லூரில் மண் தோண்டியவர்களுக்கு என்ன கூலி என்பதை அந்த வாக்குமூலத்தில் தேட வேண்டாம். அந்த இடமே இன்று புலிச்சிந்தலா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது.

பல அரசவைகளுக்குக் காட்டியும் விலை போகாத கல்லை 1717-இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் (ரீஜன்ட்) ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அதனால்தான் அதற்கு ரீஜன்ட் வைரம் என்று பெயர். பிட் கார்ன்வாலில் போகோனாக் பண்ணையை வாங்கினார். கல்லாகவே வைத்திருந்தால் கவலை, நிலமானால் செல்வாக்கு.

அந்தச் செல்வாக்கு எங்கே போய் நின்றது என்று ஓல்டு சாரம் மேட்டில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வருகிறது. பேரன் மூத்த வில்லியம் பிட் 1735-இல் இந்த மேட்டின் உறுப்பினராகத்தான் நாடாளுமன்றம் புகுந்தார். ஏழாண்டுப் போரில் இங்கிலாந்தை நடத்திய பிறகு, இப்படிப்பட்ட தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று அவரே சாடினார். கொள்ளுப்பேரன் இளைய பிட் 24 வயதில் பிரதமரானார். அவர் 1784-இல் கொண்டுவந்த இந்தியச் சட்டம்தான் கம்பெனியை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. தாத்தாவின் தகப்பனுக்கு அபராதம் போட்ட அதே கம்பெனி!

மறுநாள் பிட் பிறந்த கிராமமான பிளாண்ட்போர்டு செயின்ட் மேரிக்கு பஸ். அது வரத் தாமதமானதில் ஒரு மணி நேரம் போனது. ஸ்டோர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பிளாண்ட்போர்டு போரம் அழகான ஊர்தான். ஆனால் பிட் பார்த்த ஊர் அதுவல்ல. அவர் இறந்து ஐந்து ஆண்டுகளில், 1731-இல், தீ அதை விழுங்கிவிட்டது. இன்று இருப்பது அதற்குப் பிறகு ஒரே மூச்சில் கட்டியது. செயின்ட் மேரியில் கண்ணில் முதலில் படுவது மதுபான ஆலை. தேவாலயம் ஒதுங்கி நிற்கிறது. அவர் தந்தை போதித்த ஆலயம் அது. பிட் ஊர் திரும்பியதும் இதையும் தன் செலவில் செப்பனிட்டார். 1726-இல் இறந்த அவர் புதைக்கப்பட்டதும் இங்கேதான். நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஓல்டு சாரத்தில் உள்கோட்டைக்கு மட்டும்தான் டிக்கெட், பேராலய அடித்தளம், அகழி மேடு எல்லாம் இலவசம். ஸ்ட்ராட்போர்டு வழியாக நடந்து ஏறினால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். காற்றுக்கு ஏதாவது போர்த்திக்கொள்ளுங்கள். வைரத்தைப் பார்க்க பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 2025 அக்டோபரில் அங்கே புகுந்து அரச நகைகளை அள்ளிய திருடர்கள் ரீஜன்ட்டை எடுத்துப் போகவில்லை.