பழுதென்றால் வாசலிலேயே சொல்லுங்கள்

எங்கள் வீட்டுக் குசினிக் கதவு நிலையில் பென்சிலால் கீறிய கோடுகள் வரிசையாக இருக்கின்றன. மகளுக்குப் பதினொரு வயது. கொழும்புப் பக்கம் இருக்கிற ஒரு பார்க்கில் ரோலர் கோஸ்டரில் ஏற 140 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும் என்று வகுப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு தரம் நிலையில் முதுகை ஒட்டி நின்று, தம்பியைக் கதிரையில் ஏற்றிக் கோடு கீறச் சொல்லுவாள். ஓகஸ்ட் லீவுக்கு முதல் கிழமை 140ஐத் தாண்டிவிட்டாள். அவள் குதித்த குதியைப் பார்த்த பிறகு போகாமல் இருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

திருகோணமலையில் இருந்து போவதென்றால் அது சும்மா ஒரு பின்னேரம் போய்வருகிற விஷயம் இல்லை. வான் ஒன்று பேசி, மாமி, தங்கச்சி, அவளுடைய மகன் என்று ஏழு பேர், இரவு இரண்டு மணிக்கு உப்புவெளியில் இருந்து வெளிக்கிட்டோம். ஹபரணைக் காட்டுக்குள் யானைக்குப் பயந்து வான் ஊர்ந்துதான் போனது, குருநாகலில் விடிந்தது, இடியப்பத்தையும் சம்பலையும் வானுக்குள்ளேயே சாப்பிட்டு முடித்தோம். வான்காரருக்கு மட்டும் 45,000 ரூபா. உள்ளே போக ஆளுக்கு ஒரே கட்டணம், எல்லா விளையாட்டும் அதற்குள் என்றார்கள், ஏழு பேருக்கும் காசைக் கட்டினோம். கவுண்டரில் இருந்த பிள்ளை காசை எண்ணி வாங்கிக் கையில் பட்டி கட்டிவிட்டது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மகள் நேராக ரோலர் கோஸ்டர் வரிசைக்கு ஓடினாள். நானும் கூடப் போய் நின்றேன். ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் வெயிலுக்குள் நின்றோம். இடையில் இரண்டு தரம் வண்டி நின்று நின்று ஓடியது. எங்களுக்கு முன்னால் நாலு பேர் மட்டும் இருக்கும்போது ஒரு பெடியன் வந்து சங்கிலியைக் குறுக்கே மாட்டிவிட்டு, சிங்களத்தில் ஒரே சொல்லில் பழுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எப்போது சரிவரும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். கையை விரித்தான். பக்கத்தில் ஒரு அறிவித்தல் பலகை கொண்டுவந்து வைத்தார்கள், அதில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இல்லை. எனக்குப் பின்னால் மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது, அந்தத் தாய் "என்னக்கா போட்டிருக்கு?" என்று என்னிடம்தான் கேட்டா.

மகள் அழவில்லை. பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு நான் எண்ணிப் பார்த்தேன், ஐந்து விளையாட்டுகள் ஓடவில்லை. சின்னவன் ஆசைப்பட்ட குட்டி ரயில், தண்ணீர்ச் சறுக்கு இரண்டு, கப்பல் ஊஞ்சல், அப்புறம் இந்த ரோலர் கோஸ்டர். ஐஸ்கிரீம் விற்கிற அண்ணாவிடம் சும்மா கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் ஏறியது. "வியாழக்கிழமையில இருந்தே அது இப்பிடித்தான், நிண்டு நிண்டுதான் ஓடுது" என்றார் அவர், தமிழ்க்காரர்தான். நாங்கள் போனது சனிக்கிழமை. ஆக, இரண்டு நாளாக அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏழு பேருக்கு முழுக் காசு வாங்கியிருக்கிறார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள், பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பி வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. இந்த யந்திரங்கள் ஏன் இவ்வளவு நிற்கின்றன என்று இரவிரவாகத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் கோபம் போகவில்லை, ஆனால் அது இடம் மாறிவிட்டது.

ரோலர் கோஸ்டர் ஒரு ரயில் பாதை மாதிரித்தான். முழுப் பாதையையும் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள், அந்தத் துண்டுக்குப் பெயர் பிளொக். ஒரு பிளொக்குக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போன வண்டி வெளியேறிவிட்டது என்று சென்சர் சொன்னால்தான் பின்னால் வருகிற வண்டிக்கு வழி விடும். ஒரு சென்சரில் தூசி பிடித்தாலும், ஒரு வயரில் ஈரம் ஊறினாலும், கணினிக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் போதும், எல்லா வண்டியையும் அடுத்த பிரேக் இருக்கிற இடத்தில் பிடித்துவிடும். பிரேக்கும் பல கோஸ்டர்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், காற்றழுத்தம் இருந்தால்தான் பிரேக் திறக்கும், காற்றோ கரண்டோ போனால் ஸ்பிரிங் தானாக இறுக்கிக்கொள்ளும். ஏற்றத்தில் சங்கிலி இழுக்கும்போது கேட்கிற டக் டக் சத்தம் இருக்கிறதே, அது வண்டி பின்னுக்கு உருளாமல் ஒவ்வொரு பல்லாகப் பிடிக்கிற சத்தம். சந்தேகம் வந்தால் நில் என்பதுதான் அந்த யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

எங்கள் ஊர் ரயிலில் கொழும்புக்குப் போய்வந்தவர்களுக்கு இது கெதியாக விளங்கும். ஒற்றைப் பாதை. எதிரே வருகிற ரயில் கடந்து போகும்வரை வழியில் ஏதாவது ஒரு ஸ்டேசனில் போட்டு வைத்திருப்பார்கள். ஏன் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள், குழந்தைகள் அழும், வடை விற்கிறவர் நாலு தரம் வந்துபோவார். ஆனால் அப்படி நிற்பதால்தான் நாங்கள் முழு ஆளாக வீடு வந்து சேர்கிறோம்.

பெரிய நாடுகளில் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் பிழை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் கிங்டா கா என்று ஒன்று இருந்தது, 2005இல் திறந்தது, 139 மீற்றர் உயரம், உலகத்திலேயே உயரமான ரோலர் கோஸ்டராக இருந்தது. மூன்றரை செக்கனில் மணிக்கு 206 கிலோமீற்றர் வேகம் எடுக்கும். சில வேளை உச்சியைத் தாண்டாமல் வண்டி பின்னுக்கே இறங்கி வந்துவிடும், அதற்கென்றே பாதையில் காந்தப் பிரேக் வைத்திருந்தார்கள். மழை வந்தால் ஓடாது, அடிக்கடி பழுது. கடைசியில் 2024இல் மூடி, 2025 பெப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஒஹாயோவில் சீடார் பொயின்ட் என்ற பார்க்கில் டொப் திரில் 2 என்று ஒன்றை 2024 மே மாதம் திறந்தார்கள், ஒரு கிழமை சொச்சம்தான் ஓடியது, பிறகு அந்த வருடம் முழுக்கத் திறக்கவேயில்லை. அவ்வளவு காசும் பொறியியலாளர்களும் இருக்கிற இடத்திலேயே இப்படி என்றால், வெயிலும் மழையும் உப்புக்காற்றும் தின்கிற எங்கள் நாட்டில் ஒரு யந்திரம் நிற்பது பெரிய அதிசயம் இல்லை. இங்கே கடற்கரைப் பக்கம் சைக்கிள் செயினை இரண்டு மாதம் எண்ணெய் போடாமல் விட்டுப் பாருங்கள்.

இனி நான் எழுதப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம்.

நாங்கள் பார்க்குக்குப் போன அதே வருடம், அதற்கு முன், சித்திரைப் புத்தாண்டு நேரம் எங்கள் ஊரில் ஒரு கார்னிவல் போட்டிருந்தார்கள். பெரிய ராட்டினம், மரணக் கிணறு, மோதும் கார் எல்லாம் இருந்தன. ராட்டினத்தில் நானும் பிள்ளைகளும் ஏறப் போனபோது, இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு தம்பி அதை நிறுத்திவிட்டான். கச்சான் காற்று அந்த வருடம் நேரத்தோடு அடிக்கத் தொடங்கியிருந்தது, மேலே கூடுகள் ஆடின, ஏதோ ஒரு பக்கம் கிறீச்சென்று சத்தமும் கேட்டது. அவன் எல்லாரையும் ஒவ்வொரு கூடாக இறக்கிவிட்டு, கொஞ்சம் பொறுங்கள், பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவேன் என்றான். சனம் விடவில்லை. காசு வாங்கினாய்தானே, ஓட்டு என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தில் என் குரலும் இருந்தது. "ஒண்டும் நடக்காது தம்பி, ஒருக்கா போடுங்கோ, பிள்ளையள் எவ்வளவு நேரமா நிக்குதுகள்" என்று நான் சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், பதில் சொல்லவில்லை, ராட்டினத்தையும் ஓட்டவில்லை. நாங்கள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் என்ற பார்க்கில் 2015 ஜூன் 2ஆம் திகதி நடந்ததைப் படித்தபோது அந்தத் தம்பியின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டர். அன்றைக்கும் பழுது வந்தது, ஆட்களை ஏற்றாமல் ஒரு காலி வண்டியை விட்டுப் பார்த்தார்கள், அது பாதையின் நடுவில் ஏறமுடியாமல் மாட்டிக்கொண்டது. கணினி சரியாகவே கண்டுபிடித்து, பின்னால் பதினாறு பேரோடு வந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியது. காலி வண்டி முன்னால் நிற்பதை அறியாத பழுது பார்க்கிற ஆட்கள், கணினி பிழையாகச் சொல்கிறது என்று நினைத்து, அந்தத் தடையைக் கையால் நீக்கிவிட்டார்கள். வண்டி போய் மோதியது. இரண்டு இளம் பெண்களுக்கு ஆளுக்கொரு காலை வெட்ட வேண்டி வந்தது. மேலே மாட்டியவர்களை இறக்கி முடிக்க நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அடுத்த வருடம் நீதிமன்றம் அந்தக் கொம்பனிக்கு ஐம்பது இலட்சம் பவுண்ஸ் அபராதம் போட்டது.

யந்திரம் நின்றதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நின்றதை மனிதர்கள் அவசரப்பட்டு ஓட்டியதால்தான் ஆனது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. கார்னிவலில் நாங்கள் செய்ததும் அந்தத் தம்பியை அந்த இடத்துக்குத் தள்ளுகிற வேலைதான், அவன் உறுதியாக நின்றதால் தப்பினோம். அவனுக்கு அன்றைக்கு முதலாளியிடம் என்ன ஏச்சு விழுந்ததோ தெரியாது, பாவம்.

அதனால் பார்க் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பழுதே வரக்கூடாது என்று இல்லை. பழுது வரும், நிறுத்துங்கள், நன்றாக நிறுத்துங்கள், ஒரு கிழமை என்றாலும் நிறுத்துங்கள். ஆனால் காசு வாங்குவதற்கு முன் சொல்லுங்கள். கவுண்டரில் ஒரு பலகை, இன்றைக்கு ஓடாதவை இவை என்று, மூன்று மொழியிலும். அதற்கு என்ன செலவு? ஒரு வெண்கட்டி காணும். நூற்றைம்பது மைல் தாண்டி வருகிறவர்கள் வெளிக்கிட முதல் ஒரு கோல் எடுத்துக் கேட்டால் உண்மையைச் சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும். நான் போக முதல்நாள் கோல் எடுத்தேன், எல்லாம் ஓடுது வாங்கோ என்றுதான் சொன்னார்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளிநாட்டுப் பெரிய பார்க்குகளில் எந்த விளையாட்டு நிற்கிறது, எதற்கு எத்தனை நிமிடம் வரிசை என்று போனிலேயே பார்க்கலாம், வரிசையில் நிற்கும்போது பழுதானால் பிறகு வந்து வரிசை இல்லாமல் ஏறுவதற்கு ஒரு பாஸ் கொடுப்பதும் உண்டு. இங்கே அப் ஒன்றும் வேண்டாம், கையில் கட்டுகிற பட்டியிலேயே ஒரு முத்திரை குத்தி அடுத்த முறை இதைக் காட்டி ஏறுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்கமாட்டேன்.

எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஏதாவது பிழையாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் போய்ச் சொல்ல வேண்டும். 2023 ஜூன் கடைசியில் அமெரிக்காவில் கரோவின்ட்ஸ் என்ற பார்க்கில், பியூரி 325 என்ற கோஸ்டரைத் தாங்குகிற பெரிய இரும்புத் தூண் ஒன்று வெடித்துப் பிளந்திருந்ததைக் கண்டுபிடித்தது பார்க்க வந்த ஒருவர்தான். வண்டி போகும்போது தூண் விலகி ஆடுவதைப் போனில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினார். அதன் பிறகுதான் மூடினார்கள், தூணை மாற்றி ஓகஸ்டில் திறந்தார்கள். அவரும் என்னை மாதிரி ஒருவர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

போன கிழமை ஊரில் மறுபடி கார்னிவல் வந்தது. அதே ஆட்களா வேறு ஆட்களா என்று தெரியவில்லை, நான் அந்தத் தம்பியைத் தேடினேன், காணவில்லை. டிக்கெட் வாங்க முதல் கவுண்டரில் கேட்டேன், இன்றைக்கு எது ஓடாது என்று. அங்கே இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, கப்பல் இண்டைக்கு இல்லை, பெயாரிங் போயிட்டுது, சாமான் நாளைக்குத்தான் வரும், மற்றதெல்லாம் ஓடுது" என்றார். கப்பலுக்கென்று வந்த இரண்டு பெடியன்கள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அவருக்கு அந்தக் காசு போனதுதான். நாங்கள் ராட்டினத்துக்கு நாலு டிக்கெட் எடுத்தோம். மேலே போனதும் கோணேசர் மலையின் வெளிச்சம் தெரிந்தது, மகள் நாளைக்குக் கப்பலுக்கு வருவோமா அம்மா என்று கேட்டாள். வருவோம் என்றேன்.