கொலையும் வேண்டாம், வினாத்தாளும் வேண்டாம்: ஒரு கற்பனைக் குற்றத்தை உருவாக்கிய அனுபவம்

அறிவியல் கண்காட்சிக்காகக் கற்பனைக் குற்றம் ஒன்றை உருவாக்கப் போகிறீர்களா? அனுமதிக் கடிதத்தில் 'கொலை' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் கடிதம் அலுவலக மேசையில் கிடையாய்க் கிடந்தது. கேட்கப் போனால், "பள்ளிக்கூடத்தில் கொலையா? நாளைக்கு யாராவது கேட்டால் யார் பதில் சொல்வது?" என்றார் எழுத்தர். பிணமெல்லாம் கிடையாது, தரையில் சுண்ணக்கட்டியால் ஓர் உருவம்தான் வரையப் போகிறோம் என்று விளக்கினோம். "கோடு போட்டாலும் பிணம் பிணம்தானே" என்று கோப்பை மூடிவிட்டார்.

நாங்கள் வைத்திருந்த நல்ல கதை அத்தோடு போயிற்று. இறந்த உடல் ஏறத்தாழ மணிக்கு ஒன்றரை டிகிரி பாரன்ஹீட் வீதம் குளிரும் என்பது பொதுவான கணக்கு. அறையின் வெப்பநிலை மாறினால் அந்தக் கணக்கும் மாறும். குற்றவாளி அறையைக் குளிரவைத்து, உண்மையான நேரத்துக்கு முன்பே இறந்ததுபோலக் காட்டியிருப்பான். உடல் விறைப்பு வேறு நேரத்தைக் காட்ட, அந்த முரண்பாட்டில் மாட்டிக்கொள்வான். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்து வினாத்தாள் திருட்டு என்று எழுதிக் கொடுத்தோம். கொலையைவிட வேகமாகத் திரும்பி வந்தது. கடைசியில் ஓர் ஆய்வாளரின் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, அதன் இடத்தில் போலிப் பக்கத்தைச் செருகிவிட்டார்கள் என்று மாற்றினோம். அதில் யாருக்கும் புண்படவில்லை போலும், கையெழுத்து விழுந்தது. ஆனால் 'இரத்தத்துளி' என்ற இடத்தை அடித்து 'சிவப்புத் திரவம்' என்று திருத்தியிருந்தார்கள்.

சந்தேக நபர்கள் நால்வர்: ஆய்வாளர், உதவியாளர், காவலர், அன்று வந்த விருந்தினர். ஒன்றோடு ஒன்று தொடும்போது இரண்டிலும் தடயம் மாறிக்கொள்ளும் என்ற தடயவியல் முன்னோடி எட்மண்ட் லோக்கார்டின் கொள்கை இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதை வைத்துத் தடயங்களை அடுக்குவது எளிது. ஒவ்வொரு தடயமும் குறைந்தது ஒருவரையாவது விடுவிக்க வேண்டும் என்று திட்டமிடுவதுதான் கஷ்டம். ஒரு அட்டவணையில் ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் சோதனைகள் என்று எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் விடுவிக்காத சோதனை வெறும் அலங்காரம், தூக்கிவிடலாம்.

போலிப் பக்கத்தின் மைக்குத் தாள் குரோமட்டோகிராபி, அதாவது மையில் கலந்த நிறங்களைத் தாளில் பிரித்துப் பார்க்கும் சோதனை. கருப்பு மை வடிதாளில் நீலம், ஊதா, மஞ்சள் என்று பிரிந்து ஏறும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். எல்லாக் கருப்பு மையும் வெவ்வேறாகப் பிரியும் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. வெவ்வேறு பெயர் போட்ட இரண்டு பேனாக்கள் ஒரே பட்டைகளைக் காட்டின. பந்துமுனைப் பேனாவின் மையோ தண்ணீரில் அசையவே இல்லை. அதற்கு ஆல்கஹால் வேண்டும். ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டால், "தீப்பற்றும் பொருள், தம்பி. தனிப் படிவம் வேண்டும்" என்று என்னுடன் வந்தவனிடம் சொன்னார். அந்தப் படிவம் இருந்த அலமாரியின் சாவி விடுப்பில் போனவரிடம் இருந்தது. அவர் திரும்பும்வரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை. அசையாத மையையே தடயமாக்கினோம்: போலிப் பக்கத்தின் மை தண்ணீரில் கரைந்து ஏறுகிறது, காவலரின் சட்டைப்பையில் இருப்பது பந்துமுனைப் பேனா மட்டுமே, ஆகவே மை அவரைச் சுட்டவில்லை. ஆல்கஹால் கிடைத்திருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது.

இந்தச் சோதனையில் மைப்புள்ளி வைக்கும் அடிக்கோட்டைப் பென்சிலால் போடச் சொல்லி அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். ஒத்திகையில் ஒரு குழு பேனாவால் கோடு போட, அந்தக் கோடும் பிரிந்து மேலே ஏறி எல்லாவற்றையும் மெழுகிவிட்டது. மைப்புள்ளி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மை கீழே கிண்ணத்தில் கரைந்து போகும்.

கைரேகைக்கு ஆள் பிடிப்பது தனிப் பாடு. வளையம், சுழி, வில் என்று மூன்று பெரும் வகைகள். மொத்த ரேகைகளில் ஏறக்குறைய 60 முதல் 65 விழுக்காடு வளையம், 30 முதல் 35 சுழி, வில் 5 விழுக்காடு அளவுதான். எங்கள் கதைக்கு வில் வேண்டும். சம்மதித்த நண்பர்கள் எல்லோருடைய கட்டைவிரலிலும் வளையம்! நடைபாதையில் போகிறவர் வருகிறவர் விரலையெல்லாம் பார்த்துத் திரிந்தோம். கடைசியில் கீழ் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் ஆள்காட்டி விரலில் அருமையான வில் கிடைத்தது. "அக்கா, இது போலீஸுக்குப் போகாதே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே ரேகை எடுத்தோம். அட்டையில் பெயர் எழுதாமல் குறியீடு மட்டும் போட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விரல் உலர்ந்திருந்தால் ரேகை பதியாது. நெற்றியிலோ மூக்கோரத்திலோ ஒருமுறை தேய்த்துவிட்டு அழுத்தச் சொன்னால் தெளிவாக விழும். பென்சில் கரியைப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் தொட்டும் தொடாமலும் தடவி, ஒட்டுநாடாவில் எடுத்தால் போதும். இது வழவழப்பான பரப்புக்குத்தான். தாளில் உள்ள ரேகைக்கு நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள் வேண்டும்; அதைக் கேட்கவே எங்களுக்குத் துணிவில்லை.

முதலில் அந்த ரேகையை உதவியாளருடையதாகச் சன்னலில் வைத்திருந்தோம். படிவம் கேட்டாரே, அதே ஆய்வகப் பொறுப்பாளர் கதையைப் படித்துவிட்டு, "உதவியாளர் தினமும் அந்த அறையில் வேலை செய்கிறவர்தானே? சன்னலில் அவர் ரேகை இருந்தால் என்ன குற்றம்?" என்றார். எரிச்சலாக இருந்தாலும் மறுக்க முடியவில்லை. போலிப் பக்கத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைக்கு ரேகையை இடம் மாற்றினோம். அங்கே அவர் விரலுக்கு வேலையே இல்லை.

இரத்தத்துக்கு, மன்னிக்கவும், சிவப்புத் திரவத்துக்கு, சிவப்பு நிறம் கலந்த பாலைப் பயன்படுத்தினோம். உண்மையான இரத்தத்தை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். தொற்று அபாயம் உண்டு. இரத்த வகையைக் கண்டறியும் திரவம் எதிர்ச்சீரம். எதிர்ச்சீரம் 'ஏ' என்று ஒட்டிய புட்டியில் தண்ணீர், எதிர்ச்சீரம் 'பி' என்று ஒட்டியதில் வினிகர். வினிகர் பட்டால் பால் திரியும். உண்மைச் சோதனையில் சிவப்பணுக்கள் திரள்வதைப் போலவே தோன்றும். ஆக, பால் என்றால் 'பி' வகை. மாவு கரைத்த சிவப்புத் தண்ணீர் எதிலும் திரளாது, அது 'ஓ' வகை. இந்த உத்தியில் இரண்டே வகைதான் கிடைக்கும் என்பதால் ஆய்வாளருக்கு 'ஓ', மற்ற மூவருக்கும் 'பி' என்று வைத்தோம். ஒத்திகை நாளில் நண்பகலுக்குள் பால் தானாகவே திரிந்துவிட்டது. தண்ணீர் விட்டாலும் கட்டி, வினிகர் விட்டாலும் கட்டி. சந்தேக நபர்கள் மூவரும் ஒரே நேரத்தில் 'ஏபி' ஆகிவிட்டார்கள். நாற்றம் வேறு. பனிக்கட்டி மேல் வையுங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் புதிதாக ஊற்றுங்கள்.

இதைவிடப் பெரிய அடி அதே ஒத்திகையில் விழுந்தது. ஒரு குழு எந்தச் சோதனையையும் தொடாமல், கதையை மட்டும் படித்துவிட்டு, "உதவியாளர்தான்" என்று சொல்லி எழுந்துவிட்டது. எப்படி என்று கேட்டால், "அவரைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள்" என்றார்கள்! அன்றிரவே நால்வருக்கும் ஒரே அளவு வரிகள், ஆளுக்கொரு கடன், ஆளுக்கொரு கோபம் என்று எழுதினோம். உங்கள் கதையையும் தடயங்களை எடுத்துவிட்டு யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். அவர்களால் குற்றவாளியைச் சொல்ல முடிந்தால் சோதனைகளுக்கு வேலையில்லை.

கண்காட்சி நாள் பெரும்பாலும் சிக்கலின்றிப் போயிற்று. நடுவர் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "டிஎன்ஏ எங்கே?" என்றார். பிரிட்டிஷ் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் டிஎன்ஏ ரேகை முறையைக் கண்டுபிடித்த பின், அது குற்ற விசாரணைக்கு முதன்முதலாக வந்தபோது செய்ததே, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரை விடுவித்ததுதான், சார். எங்கள் சோதனைகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன என்றேன். தலையை ஆட்டிவிட்டு, 'நவீனத் தொழில்நுட்பம்' என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனார். மதிப்பீட்டுத் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அப்படி ஒரு கட்டம் இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த மதிப்பெண்ணுக்கு ஈடாக ஒரு குழுவின் அறிக்கையை வைத்திருக்கிறேன். "இரத்த வகை ஆய்வாளரை விலக்குகிறது. மற்ற மூவரில் யார் என்று அது சொல்லவில்லை" என்று எழுதி, அதன் கீழ் மையையும் ரேகையையும் வரிசையாக வைத்து உதவியாளரிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். ஊகம் என்று ஒரு வரி கிடையாது. ரேகை அட்டைகளை அன்று மாலையே உரியவர்களிடம் கொடுத்துக் கிழிக்கச் சொன்னோம். அந்தச் சிறுமி மட்டும் தன்னுடையதைக் கிழிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.