பழைய கேரவன்: பேட்டரி வரை வந்து சேராத வோல்ட்

கேரவனை எடுத்துக்கொண்டு போய் ஏற்காட்டில் தங்கினால் ராத்திரி 11 மணிக்கே விளக்கு மங்கிவிடும், தண்ணீர் பம்பு முனகும். இத்தனைக்கும் சேலத்தில் வீட்டு வாசலில் பகல் முழுக்க சார்ஜரில் கிடந்த வண்டி. அடிவாரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்த உடனே, "பேட்டரி போச்சுங்கண்ணா, மாத்திருங்க" என்றார். 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்) லெட் ஆசிட் பேட்டரி சும்மா வருமா? அளக்காமல் காசை எடுக்க மனசில்லை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ராத்திரி முழுக்க விட்டுவைத்தேன். காலையில் 12.3 வோல்ட். நிறைந்த பேட்டரி என்றால் 12.6, 12.7 காட்டணும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.210 பக்கமே நின்றன. ஒரு செல் மட்டும் அடியில் கிடந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். ஆறும் சேர்ந்து இறங்கியிருந்தால் அது நோய் இல்லை, பட்டினி.

அப்புறம் சார்ஜரைப் போட்டு அளந்தேன். 10 ஆம்பியர் போகும்போது சார்ஜர் முனையில் 14.3, பேட்டரி முனையில் 13.4. நடுவில் 0.9 வோல்ட்டைக் காணோம். மீட்டரின் ஒரு முனையைச் சார்ஜர் பாசிட்டிவிலும் இன்னொன்றைப் பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால் 0.2. நெகட்டிவுக்கு நெகட்டிவ் வைத்தால் 0.7! வயர் அறுந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும் கன்டினியூட்டி பீப் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது சிக்கவே சிக்காது. 0.07 ஓம்தானே, பீப் ஜோராகக் கத்தும். கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

வண்டியை மாற்றிக் கட்டியவர்கள் நெகட்டிவுக்குத் தனி வயர் இழுக்காமல் வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் ஒரு போல்ட்டில் முடித்திருந்தார்கள். பெயின்டுக்கு மேலேயே லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்), அதற்கடியில் துரு. 7 வாட் அங்கேயே சூடாகிக்கொண்டிருந்தது, தொட்டால் சுட்டது. சார்ஜரோ தன் முனையில் 14.3-ஐப் பார்த்துவிட்டு, பேட்டரி நிறைந்துவருகிறது என்று கரன்டைக் குறைத்து, டைமர் முடிந்ததும் ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியைத் தக்கவைக்கும் குறைந்த வோல்ட்டுக்கு) இறங்கிவிடும். பச்சை விளக்கு வேறு எரியும். அந்தப் பச்சையை நம்பித்தான் பாதிப் பேர் நல்ல பேட்டரியை எடைக்குப் போடுகிறார்கள்.

230 வோல்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு நேராக 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் இரண்டு இழுத்தேன். லக்கை கிரிம்ப் அடித்து, பழுத்துப்போன ஃபியூஸ் ஹோல்டரையும் மாற்றியாச்சு. இப்போது மொத்த இழப்பு 0.1-க்குள். முழுக்க சார்ஜ் ஏறவிட்டு, ஓயவைத்து அளந்தால் 12.7. ஐந்து செல் 1.265, ஒன்று மட்டும் 1.245. அதன் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

குளிரும் ஒரு கணக்கு. 12 வோல்ட் லெட் ஆசிட்டுக்கு ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.02 வோல்ட் கூடுதலாகத் தரணும். சேலத்து 35 டிகிரிக்கும் மார்கழி ஏற்காட்டு 15 டிகிரிக்கும் இடையே அதுவே 0.4 ஆகிவிடும். கீழே சரியாக இருக்கும் செட்டிங் மேலே போதாது. மேலே சரியானதைச் சேலத்து வெயிலில் வைத்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாளாது. டெம்பரேச்சர் சென்சார் உள்ள சார்ஜர்தான் இதற்கு வழி.

"20 கொண்டை ஊசி வளைவு ஏறுறதுக்குள்ள எஞ்சின்ல சுத்துற ஆல்டர்நேட்டரே ரொப்பிடும்ணா" என்கிறான் தம்பி. ஒரு மணி நேர ஏற்றத்தில் 15 ஆம்பியர் போனாலும் 15 ஏ.ஹெச்.தான். அதுவும் ஆல்டர்நேட்டர் கரன்டைப் பின்பக்க பேட்டரிக்குத் திருப்பிவிடும் ரிலேவிலிருந்து பின்னால் வருவது பழைய 2.5 ஸ்கொயர் வயர். அடுத்து அதைத்தான் அளக்கணும்.