அது அவருடைய வீடும்தான்

ஓடைத் தண்ணீரில் காலை நனைத்தபடி மூன்று இளம்பெண்கள். மூவருக்கும் குட்டையாக வெட்டிய முடி. 1920களில் கொரியாவில் எடுத்த படம். ஹோ ஜாங்-சுக், கோ மியாங்-ஜா, ஜூ செ-ஜுக். மூவருமே சோசலிஸ்டுகள். போன வாரம் இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து ஜூ செ-ஜுக் என் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்.

1901இல் ஹம்ஹுங் நகரில் பிறந்தவர். ஜப்பானிய ஆட்சியை எதிர்த்து 1919 மார்ச்சில் நாடே கிளர்ந்தபோது பள்ளி மாணவியாக அதில் இறங்கி ஒரு மாதம் காவலில் இருந்தார். அப்புறம் இசை படிக்க ஷாங்காய் போனார். அங்கேதான் கொரியப் புரட்சியாளர்களின் பழக்கம், பின்னாளில் கொரியக் கம்யூனிஸ்டுகளின் தலைவரான பாக் ஹொன்-யாங்குடன் காதல், திருமணம். 1924 மே மாதம் சியோலில் கொரியப் பெண் தோழர்கள் சங்கம் உருவானது. அந்த நாட்டின் முதல் சோசலிசப் பெண்கள் அமைப்பு அது. தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். அடுத்த ஆண்டு, ஊரே வாய்க்கு வந்தபடி பேசும் என்று தெரிந்தும், ஹோ ஜாங்-சுக்கோடு சேர்ந்து கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்.

1925 ஏப்ரல் 17 அன்று சியோலில் ஒரு சீன உணவகத்தில் கொரியக் கம்யூனிஸ்ட் கட்சி ரகசியமாகத் தொடங்கப்பட்டது. மறுநாள் கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம். அது “பாக் ஹொன்-யாங்கின் வீட்டில்” கூடியது என்றுதான் நான் படித்த இடத்திலெல்லாம் இருக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. அது ஜூ செ-ஜுக்குடைய வீடும்தானே? கழகத்தில் அவரும் உறுப்பினர்தானே? நவம்பரில் போலீஸ் வந்தபோது இருவரையும்தான் பிடித்துக்கொண்டு போனது.

கணவர் சிறையிலிருந்து வெளியே வந்த பின், 1928இல் இருவரும் சோவியத் நாட்டுக்குத் தப்பினார்கள். மகள் விவியன்னா அந்த ஆண்டு பிறந்தாள். 1933இல் ஷாங்காயில் பாக் ஹொன்-யாங் மறுபடி பிடிபட்டார். ஜூ செ-ஜுக் பிறகு தோழர் கிம் தான்-யாவை மணந்து மாஸ்கோ திரும்பினார். நம்பிப் போன நாடே கிம் தான்-யாவை ஜப்பானிய உளவாளி என்று சொல்லி 1938இல் சுட்டுக் கொன்றது. இவரை ஐந்தாண்டு கஜகஸ்தானுக்கு நாடுகடத்தியது. மகள் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தாள்.

தண்டனைக் காலம் முடிந்தும் அவர் கஜகஸ்தானில்தான் இருந்தார். 1946இல், கொரியா விடுதலையான மறு ஆண்டு, அங்கிருந்து ஸ்டாலினுக்கு ஒரு மனு எழுதினார். என்னைக் கொரியாவுக்கு அனுப்புங்கள், அங்கே புரட்சி வேலை செய்கிறேன். அது முடியாது என்றால் மாஸ்கோவில் மகளோடு வாழ விடுங்கள். இந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் முதலில் கேட்டது வேலையை. அவரைப் பாக் ஹொன்-யாங்கின் மனைவி என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இந்த மனுவைப் படிக்க வேண்டும்.

இரண்டுமே மறுக்கப்பட்டன. 1953இல் மகளைப் பார்க்க மாஸ்கோ வந்த இடத்தில் இறந்துபோனார்.

1989இல் சோவியத் அரசு அவர் மீதிருந்த குற்றத்தை நீக்கியது. 2007இல் தென்கொரியா விடுதலைப் போராட்ட வீரர் என்று பதக்கம் அறிவித்தது. மாஸ்கோவின் மொய்சேயெவ் நாட்டுப்புற நடனக்குழுவில் ஆடிய மகள் விவியன்னாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது.