பிடித்தம் போக மீதி

அமெரிக்காவில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், என் மேஜைக்கு வந்த காகிதங்களிலேயே அதிகம் கோபத்தைக் கிளப்பியது பிள்ளைப் பராமரிப்புத் தொகைக்கான பிடித்த உத்தரவுதான். பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளைக்குத் தர வேண்டிய பணத்தைச் சம்பளத்திலேயே பிடித்து, சம்பளம் போட்ட 7 வேலை நாட்களுக்குள் மாநில அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லும் உத்தரவு அது. நிறுவனத்துக்கு இதில் விருப்பு வெறுப்பே கிடையாது. பிடிக்காமல் விட்டால் அந்தப் பணத்தை நிறுவனமே கட்ட வேண்டி வரும்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் சம்பளச் சீட்டை என் முன்னால் வைத்து, அந்த ஒரு வரியில் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “பாதிக்கு மேல் போகிறது. கடனுக்காக உழைக்க வைப்பதைத்தானே இந்த நாடு சட்டம் போட்டு ஒழித்தது? அப்போது இது என்ன?”

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கை வைத்தால் வரி போன்ற கட்டாயப் பிடித்தம் போன மீதியில் பொதுவாக 25 சதவீதம்தான் உச்சவரம்பு. பிள்ளைக்கான பணம் என்றால் மத்தியச் சட்டப்படி 50 முதல் 65 சதவீதம் வரை போகலாம். வேறு குடும்பத்தைத் தாங்குகிறாரா, 12 வாரத்துக்கு மேல் நிலுவை இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். மீதி 1,000 டாலர் என்றால் 650 வரை எடுக்கலாம். ஓய்வூதியச் சேமிப்பு போல அவராக விரும்பிக் கட்டுவதை இந்தக் கணக்கில் கழிக்க மாட்டார்கள். அதெல்லாம் எஞ்சியதிலிருந்துதான் போகும். கைக்கு வரும் தொகையைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்.

ஆனாலும் அதைக் கொத்தடிமை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தமும் (1865), கடனுக்காகக் கட்டி உழைக்க வைப்பதைத் தடை செய்த 1867-இன் சட்டமும் எதை ஒழிக்க வந்தன என்பதற்கு அலபாமாவின் பெய்லி வழக்கே சாட்சி. பண்ணைத் தொழிலாளியான அவர் 15 டாலர் முன்பணம் வாங்கியிருந்தார். ஒரு மாதம் சொச்சம் வேலை செய்துவிட்டு நின்றுவிட்டார். நின்றதையே மோசடிக்கு அத்தாட்சியாக வைத்துத் தண்டித்தது மாநிலச் சட்டம். 1911-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வேலையை விட்டு நகர முடியாதபடி கட்டிப்போடுவதுதான் அங்கே குற்றம். எங்கள் கிடங்கிலோ ஆட்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். புதிய முதலாளி 20 நாளுக்குள் மாநிலத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், உத்தரவு அங்கே போய்ச் சேரும், அவ்வளவுதான். கடன் கூடவே வருகிறது, எஜமான் வருவதில்லை.

நீதிமன்றங்களும் ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தன. 1998-இல் மாஸ் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. உழைக்கத் தெம்பிருந்தும் வேண்டுமென்றே வேலை தேடாத தகப்பனை நீதிமன்ற அவமதிப்பில் தண்டிக்கலாம், எந்த வேலை என்பதை அவரே தேர்ந்தெடுக்கிறார் என்பதால் அது கட்டாய உழைப்பு ஆகாது என்றது. தீர்ப்பு சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்பதை எப்படி அளப்பது?

சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதில் பாதிதான் தெரியும். எங்கள் பட்டியலில் இருக்கும்வரை பணம் தானாகப் போய்விடும், யாரும் சிறைக்குப் போவதில்லை. சிக்குவது பட்டியலிலிருந்து விழுந்தவர்கள். வேலை போகிறது, தொகை மட்டும் பழைய சம்பளக் கணக்கில் ஓடுகிறது. 1986-இல் வந்த பிராட்லி திருத்தத்தின்படி ஏறிவிட்ட நிலுவையை எந்த நீதிபதியும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போன டர்னர் வழக்கில், தென் கரோலினாக்காரர் ஒருவர் வக்கீல் இல்லாமலே 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றிருந்தார். பணம் கட்டினால் வெளியே வரலாம் என்று உத்தரவில் இருந்தது. கட்ட அவரிடம் பணம் இருக்கிறதா என்று கீழ் நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் கட்டும் சக்தி உண்டா என்று முறையாக விசாரித்தாக வேண்டும் என்றது தீர்ப்பு. ஓட்டுநரின் கேள்வியை அங்கே கேட்டிருந்தால் என்னால் அத்தனை சுலபமாகத் தலையாட்டி மறுத்திருக்க முடியாது. வேலையே இல்லாதவரை அடைத்து வைத்துப் பணம் கேட்பதில் பிள்ளைக்கும் ஒரு டாலர் வரப்போவதில்லை.

அன்று அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டே விஷயம் சொன்னேன். இந்த உத்தரவைக் காரணம் காட்டி யாரும் உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. அப்புறம், ஷிஃப்டைக் குறைத்தால் அந்த வாரமே தொகையைக் குறைக்க மனு போடுங்கள், மனு போட்டு எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போன நாளுக்கு முந்தைய பாக்கி அப்படியேதான் நிற்கும். பிற்பாடு வந்த பலரிடமும் இதையே சொன்னேன். முக்கால்வாசிப் பேர் “அடுத்த மாதம் ஓவர்டைம் வந்துவிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.